எண்களால் நெய்யும் இசை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், சேர்வராயன் மலை ஏறுவதற்கு முன் வரும் ஊர்களில் ஒன்று கொண்டப்பநாயக்கன்பட்டி. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததும் இதே ஏற்காடு சாலையில்தான். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அந்த நிறுவனம் எடுத்த படங்கள். அந்தக் காலத்தில் ஒரு பாட்டைப் பதிவுசெய்ய வேண்டுமென்றால் பாடகர், வயலின்காரர்கள், தபலாக்காரர், ஒலிப்பதிவாளர் என்று ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்தாக வேண்டும். கடைசி அடியில் ஒருவர் தடுமாறினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

இன்று அந்தச் சாலையோரத்து வீடு ஒன்றில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, வீட்டுப்பாடம் முடிந்தபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டிருக்கலாம். டிரம் ஒலிக்கிறது, ஆனால் தோலை யாரும் அடிக்கவில்லை. புல்லாங்குழல் போல ஒன்று இழைகிறது, ஆனால் யாரும் ஊதவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, “போனை நோண்டிக்கிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொத்தானை அழுத்தினால் மெஷினே எல்லாவற்றையும் வாசித்துவிடும் என்பது பரவலான எண்ணம். உண்மையில், அந்தப் பிள்ளை ஒலியின் இயற்பியலைக் காதால் படிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த ஆசை வளர வளர, அது எந்தெந்த அதிசயங்களைக் கடந்து போகிறது என்று பார்க்கலாம்.

நொடிக்கு 44,100 எண்கள்

ஓசை என்பது காற்றின் அழுத்தம் வேகமாக ஏறி இறங்குவது. நொடிக்கு 240 முறை ஏறி இறங்கினால் ஒரு சுருதி. 480 முறை என்றால் அதன் மேல் ஸ்தாயி. நம் காது ஏறத்தாழ 20 முறையிலிருந்து 20,000 முறை வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். பதினைந்து வயதுக் காதுக்குக் கேட்கும் சில கீச்சொலிகள் ஐம்பது வயதுக் காதுக்குக் கேட்பதே இல்லை.

கணினிக்கு அலை தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆகவே காற்றழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். குறுந்தகட்டின் தரத்தில் ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஒன்று. அப்படியானால் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் நடந்தது தொலைந்துபோகாதா? தொலையாது. ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம் இதற்கு விடை சொல்கிறது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், இடையில் உள்ள வளைவு முழுவதையும் அந்தப் புள்ளிகளிலிருந்தே பிசகாமல் மீட்டுவிடலாம். காது கேட்பது 20,000 வரை; ஆகவே 40,000க்குச் சற்று மேலே அளந்தால் போதும்.

சரியாக 44,100 ஏன்? குறுந்தகடு உருவான காலத்தில் எண்களாக்கிய ஒலியைச் சேமிக்கக் கைவசம் இருந்தது வீடியோ நாடா. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 புலங்கள், அதாவது அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படுத்தத்தக்க 245 வரிகள். வரிக்கு 3 எண்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பாவும் நம் தூர்தர்ஷனும் பின்பற்றிய ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 50 புலங்கள், 294 வரிகள், வரிக்கு 3 எண்கள். பெருக்கினால் அதுவும் 44,100. இரண்டு உலகங்களுக்கும் பொதுவாக ஓர் எண் கிடைத்தது. அது 210இன் வர்க்கமும்கூட. முதல் நான்கு பகா எண்களான 2, 3, 5, 7 ஆகியவற்றின் வர்க்கங்களைப் பெருக்கினால் வருவது. பிள்ளையின் கைபேசியில் ஓடும் பல பாட்டுகளுக்குள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

அடுத்து வரும் கேள்விதான் பெரியது. ஒலியை அளந்தால் எண் வருகிறது. எதையும் அளக்காமல் எண்களை நாமே எழுதினால்? இதைச் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மேக்ஸ் மேத்யூஸ். 1957இல் ஐபிஎம் 704 கணினியில் அவருடைய நிரல் 17 நொடி நீளமுள்ள ஒரு சிறு இசையை உருவாக்கியது. எந்த வாத்தியத்திலும் பிறக்காத ஒலி அது. அன்று ஓர் அறையை அடைத்த இயந்திரம் செய்ததை இன்று சட்டைப் பையில் இருக்கும் கருவி, பல அடுக்குகளாக, கேட்டவுடனே செய்கிறது.

நாதத்தின் நிறம்

முதல் சில நாட்களில் பிள்ளை செய்வது, ஆப்பில் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளை அடுக்கிப் பார்ப்பது. கொஞ்ச காலத்தில் அது அலுத்துவிடும். “இந்த ஒலி எனக்கு வேண்டாம், இன்னும் கூர்மையாக வேண்டும்” என்ற எண்ணம் பிறக்கும். ஆசை உண்மையாக வேர்விடுவது அப்போதுதான். அங்கிருந்து பிள்ளை, ஒலியைப் புதிதாக உருவாக்கும் சின்தசைஸரின் குமிழ்களுக்கு வருகிறது.

வீணையும் நாதஸ்வரமும் ஒரே ஸட்ஜத்தை ஒலித்தாலும் நமக்கு வேறு வேறாகக் கேட்கின்றன. மீட்டிய தந்தி நொடிக்கு 240 முறை அதிரும்போது கூடவே 480, 720, 960 என்று மடங்குகளிலும் அதிர்கிறது. இந்த மேற்சுரங்கள் எவ்வளவு பலத்தோடு கலந்திருக்கின்றன என்பதே நாதத்தின் நிறத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. சின்தசைஸரில் ‘ரம்பப் பல்’ வடிவ அலையை எடுத்தால் எல்லா மடங்குகளும் அதில் இருக்கும். இரண்டாவது பாதி பலத்தில், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு பலத்தில் என்று படிப்படியாகக் குறையும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். அதனால் அது உள்ளீடற்ற குழல் ஒலி போலக் கேட்கும். பிறகு ஃபில்டர் என்னும் வடிகட்டி, வேண்டாத மேற்சுரங்களை நீக்கும். அந்த ஒரு குமிழை மெல்லத் திருப்பும்போது கேட்கும் ‘வ்வ்வாவ்’ என்ற மாற்றத்தில், மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைக் காதே எண்ணிவிடலாம்.

நிறம் மட்டும் போதாது. ஒலி எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதும் வேண்டும். பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் ஒரு மணியோசையைப் பதிவுசெய்து, அடித்த கணத்தை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கேட்டார். மணி, மணியாகக் கேட்கவில்லை; ஊதுகுழல் போலக் கேட்டது. முதல் சில நூறில் ஒரு பங்கு நொடிகளில் நடப்பதை வைத்தே நம் மூளை வாத்தியத்தை அடையாளம் காண்கிறது. சின்தசைஸரில் ‘அட்டாக்’, ‘டிகே’, ‘சஸ்டெய்ன்’, ‘ரிலீஸ்’ என்று நான்கு குமிழ்கள் இருப்பது அதற்குத்தான். முதல் குமிழைக் குறைத்தால் மீட்டிய ஒலி. கூட்டினால் வில் போட்ட ஒலி.

மிருதங்கத்தை இப்படிச் செய்து பார்க்க முயலும் பிள்ளைக்கு ஒரு புதிர் காத்திருக்கிறது. சாதாரணத் தோல் ஒன்றை இழுத்துக் கட்டி அடித்தால், அதன் மேற்சுரங்கள் மடங்குகளில் வராது. அடிப்படை 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். அதனால்தான் பெரும்பாலான பறைகளில் முழக்கம் உண்டு, திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ தெளிவான சுருதி கேட்கிறது. காரணத்தை விளக்கியவர் திருச்சிக்காரரான சி.வி. ராமன். 1920இல் ‘நேச்சர்’ இதழில் எஸ். குமாரோடு எழுதிய குறிப்பிலும், பிறகு 1934இல் வெளியிட்ட விரிவான ஆய்விலும் அவர் காட்டியது இது: நடுவில் படிப்படியாகப் பூசித் தேய்த்து ஏற்றும் கரணையின் எடை, தோலின் அதிர்வுகளை மாற்றி, மேற்சுரங்களைத் தந்தியைப் போல முழு மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. சமன்பாடு எழுதப்படுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே வாத்தியம் செய்தவர்கள் காதால் கண்டுபிடித்துவிட்டார்கள். கைபேசியில் 1, 2, 3, 4, 5 என்று மடங்குகளை அடுக்கி, சட்டென்று தொடங்கி மெல்லத் தேயும்படி அமைத்தால், அந்தக் கரணை செய்யும் வேலையைப் பிள்ளை தன் காதாலேயே உணரலாம்.

வேகம் பிடித்த கமகம்

1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுரத்தை நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைத்தால் அது நடுக்கமாகக் கேட்கும். பாடகர் குரலில் வரும் அசைவு அது. சௌனிங் அசைவைக் கூட்டினார்: நொடிக்கு இருபது, ஐம்பது, நூறு முறை. ஒரு கட்டத்தில் அசைவு காதுக்குப் புலப்படாமல் மறைந்து, அதற்குப் பதிலாக ஒலியின் நிறமே மாறியது. இரண்டே இரண்டு எளிய அலைகள். ஒன்று மற்றொன்றை அசைக்கிறது. அதிலிருந்து மணி, பித்தளைக்குழல், மரத்தட்டு என்று ஏராளமான நாதங்கள் பிறந்தன. அதிர்வெண் பண்பேற்றம் என்று வானொலிக்குப் பயன்பட்ட அதே உத்தி, இசைக்குள் வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு அந்த உரிமத்தை யமஹாவுக்கு அளித்தது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு அந்தப் பத்தாண்டின் உலகப் பாப் இசைக்கே ஒரு நிறம் கொடுத்தது.

கமகத்தோடு வளர்ந்த காதுக்கு இந்தக் கண்டுபிடிப்பு தனி மகிழ்ச்சி தரும். சுரத்தின் அசைவும் நாதத்தின் நிறமும் வெவ்வேறு என்று நாம் நினைத்திருந்தோம். வேகம் ஒன்றுதான் அவற்றைப் பிரித்து வைத்திருந்தது.

தறியிலிருந்து வந்த கட்டம்

மின்னணு இசையில் தாளம் எழுதும் திரையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டங்கள். ஒரு வரிக்கு 16 பெட்டிகள். முதல் வரி பேஸ் டிரம், அடுத்தது ஸ்நேர், அடுத்தது ஹை-ஹாட். 1, 5, 9, 13 ஆகிய பெட்டிகளைத் தொட்டால் அங்கெல்லாம் டிரம் விழும். தொடாத இடத்தில் மௌனம். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினில் இருந்த 16 பொத்தான்களின் வாரிசு இந்தத் திரை.

சேலத்துப் பிள்ளைக்கு இந்தக் கட்டம் புதியதல்ல. அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் தறிகளின் மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் கோத்துத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளும் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. கட்டம் போட்ட தாளில் பூவையும் மாங்காயையும் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி அந்தப் பாவு நூலை மேலே தூக்கும். ஓட்டை இல்லையென்றால் நூல் கீழேயே கிடக்கும். நாடா ஒரு முறை ஓடினால் ஓர் அட்டை முடியும். டிரம் மெஷின் செய்வதும் இதுவே: பெட்டி தொட்டிருந்தால் ஒலி, இல்லையென்றால் மௌனம்.

இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல, ஒரே குடும்பத்துச் சொந்தம். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசஃப் மாரி ஜக்கார்டு 1804இல் தன் தறியைக் கொண்டுவந்தார். லண்டனில் சார்லஸ் பாபேஜ், ஜக்கார்டின் உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளால் பட்டில் நெய்த ஒரு படத்தை வைத்திருந்தார். தான் திட்டமிட்ட கணிப்பொறிக்கு ஆணை கொடுக்க அந்த அட்டை முறையையே அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பொறியைப் பற்றி 1843இல் ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளில் ஒரு வியப்பான எண்ணம் இருக்கிறது. சுரங்களுக்கு இடையிலான உறவுகளை விதிகளாகச் சொல்ல முடியுமானால், இந்தப் பொறி எவ்வளவு சிக்கலான இசையையும் இயற்றக்கூடும் என்றார் அவர். கணினி என்று ஒன்று உலகில் இல்லாத காலத்தில், 27 வயதுப் பெண் ஒருவர் கணினி இசையைக் கண்டுவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த தானியங்கிப் பியானோக்களும் துளையிட்ட காகிதச் சுருளால் வாசித்தன. இன்றும் இசை மென்பொருளில் சுரங்களைக் கட்டங்களில் எழுதும் திரைக்குப் ‘பியானோ ரோல்’ என்றே பெயர்.

தாளம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் திறக்கும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைச் சதுஸ்ர நடையில் பிரித்தால் 32 பெட்டிகள். டிரம்முக்கு 16 பெட்டி சுற்றும், ஜால்ராவுக்கு மிச்ர சாப்பின் 7 பெட்டி சுற்றும் கொடுத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அவை வேறு இடத்தில் சந்திக்கும். சரியாக 112 பெட்டிகள் கழித்துத்தான் இரண்டும் சேர்ந்து சமத்துக்கு வரும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அது 14 நொடி. மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளியில் போட்ட கணக்கு, காதுக்கு வந்துசேரும் நிம்மதியாக மாறுகிறது.

கட்டத்துக்குள் அடங்காதவை

ஆனால் கட்டம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் தருணம்தான் அந்த ஆசையின் முதிர்ச்சி.

முதல் சிக்கல் நேரம். கட்டத்தில் எழுதிய தாளம் அணுவும் பிசகாமல் ஓடும்; கொஞ்ச நேரத்தில் அது உயிரற்றுக் கேட்கும். கை வாசிப்பில் ஒவ்வோர் அடியும் சில மில்லி நொடிகள் முன்னே பின்னே விழுகிறது. அப்படியானால் மெஷினையும் தாறுமாறாகக் கொஞ்சம் பிசகவிட்டால் போதுமா? ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, போதாது என்று காட்டியது. மனிதக் கையின் பிசகுக்கு நினைவு இருக்கிறது. இப்போது நேர்ந்த சிறு விலகல், பல அடிகள் கழித்து வரும் விலகலோடும் தொடர்புடையது. தாறுமாறான பிசகைவிட இந்த நினைவுள்ள பிசகையே கேட்டவர்கள் விரும்பினார்கள்.

இரண்டாவது சிக்கல் சுரம். 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச ‘மிடி’ என்ற பொது மொழி வந்தது. அதற்காக ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷிக்கும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. அந்த மொழியில் சுரங்கள் 0 முதல் 127 வரை எண்கள். 69 என்றால் 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல 1.0595 மடங்கு. பன்னிரண்டு படி ஏறினால் சரியாக இரண்டு மடங்கு வரும். நடுவில் உள்ளவை சற்றுத் தள்ளியே இருக்கும். ஸட்ஜம் 240 என்றால் இயல்பான அந்தர காந்தாரம் 300. கீபோர்டு தருவது 302.4. தம்புராவோடு இந்தக் காந்தாரத்தைச் சேர்த்துக் கேட்டால் நொடிக்கு ஐந்து தடவை போல ஒரு துடிப்பு எழும். மந்தர ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 600இல் நிற்கிறது. கீபோர்டுக் காந்தாரத்தின் இரண்டாம் மடங்கு 604.8இல் நிற்கிறது. அந்த 4.8 இடைவெளியைத்தான் காது துடிப்பாகக் கேட்கிறது.

தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதற்குச் சுரத்தை வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’ சக்கரம் வேண்டும். அதில் 16,384 படிகள். இன்னும் நுணுக்கம் தேடியவர்கள் கட்டைகளே இல்லாத கருவிகளைச் செய்தார்கள். லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கிய ‘கன்டினுவம்’ என்ற விரல்பலகை அதில் ஒன்று. அதன்மேல் விரலை வழுக்கினால் சுரம் தந்திபோல வழுக்கும். ஏ.ஆர். ரஹ்மான் அதை வாசித்து வருவது பலரும் அறிந்ததே. 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் பாடல் ஒன்றிலும் அதன் ஒலியைக் கேட்கலாம்.

ஆசை வளர்த்தவர்கள்

ரஹ்மானே இந்த ஆசைக்கு நம் மண்ணின் மிகச் சிறந்த சான்று. 1967இல் சென்னையில் திலீப் குமாராகப் பிறந்தவர். மலையாளத் திரையிசையில் பணியாற்றிய தந்தை ஆர்.கே. சேகர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பள்ளிப் பருவத்திலேயே இசைக்குழுக்களில் கீபோர்டு வாசிக்கப் போனார். சிறுவயதில் தனக்கு மின்னணுக் கருவிகளின் மேல்தான் பெரிய நாட்டம் என்றும், இசையும் தொழில்நுட்பமும் சேர்ந்த சின்தசைஸர் அந்த இரண்டையும் இணைத்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 1986இல் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்தில், சுரங்களை வரிசையாக எழுதிவைத்து வாசிக்கவைக்கும் கணினி சீக்வென்ஸரைப் பயன்படுத்தியபோது அந்த வேலையில் பத்தொன்பது வயது திலீப்பும் இருந்தார். பின்னர் வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு ஸ்டூடியோவை அமைத்தபோது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. தாய் தன் நகைகளைக் கொடுத்தார். 16 தட ஒலிப்பதிவுக் கருவி வந்தது. 1992இல் ‘ரோஜா’ பிறந்தது அந்த அறையில்தான்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக், கை படாமலே ஒலிக்கும் தெரமின் என்ற கருவியைப் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே வீட்டில் செய்து பார்த்தார். 19 வயதில் அதைப் பற்றி ஒரு வானொலி இதழில் கட்டுரை எழுதி, அதைச் செய்துகொள்ளும் பாகங்களையும் விற்றார். 1964இல் அவர் உருவாக்கிய சின்தசைஸர் உலக இசையையே மாற்றியது. ஐந்தே ஆண்டுகளில், 1969இல், அந்தக் கருவி அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அதை அங்கே நிறுவித் தந்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா ஆகியோரும், கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஜின்ராஜ் ஜோஷிபுராவும் அதில் இசை செய்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்தபின், 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

பம்பாயில் திரைப்படக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங்கின் கதையும் அப்படித்தான். 1982இல் அவர் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் கருவி, ஜூபிடர்-8 சின்தசைஸர் மூன்றையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் அதே டிபி-303 கருவியைக் கொண்டு ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புது இசை வகை தோன்றியது. 2010இல் அவருடைய தட்டு மறுவெளியீடு கண்டபோது, அந்த நாதத்தை அவர் முன்பே எட்டியிருந்ததைக் கேட்டு உலகம் வியந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அந்தக் கருவியின் இயல்பில் ராகத்தைக் கேட்ட காது அவருடையது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். கருவி வந்த கையோடு அதில் பிறர் வாசித்ததையே வாசிக்காமல், தங்கள் காது ஏற்கெனவே அறிந்ததை அதனிடம் கேட்டார்கள்.

ஊரின் ஓசையில் ஒரு பாடம்

நம் பிள்ளையும் அதைச் செய்யலாம். அதற்குப் பெரிய செலவு கிடையாது. எல்எம்எம்எஸ், அடாசிட்டி, பியூர் டேட்டா, சோனிக் பை ஆகியவை இலவச மென்பொருள்கள். பழைய மடிக்கணினியே போதும். கைபேசியில் ஏதாவதொரு விசைத்தறியின் ஓசையை ஒரு நிமிடம் பதிவுசெய்யட்டும். சாதாரண விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் முறை ஓடும். உலகெங்கும் நடன இசை ஓடும் வேகமும் ஏறத்தாழ அதுவே. வசதிக்காக 120 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டு தட்டு. ஒரே ஒரு தட்டை வெட்டி எடுத்து, அதே வேகத்தில் சுற்றவிட்டால் தாளம் வந்துவிட்டது. இனி வேகத்தை இரட்டிக்கலாம்: நொடிக்கு 4, 8, 16. இதுவரை தட்டுகள் தனித்தனியே கேட்கும். 32இல் அவை கலங்கி ஓர் உறுமலாகும். 64, 128 என்று போனால் உறுமல் சுரமாகிவிடும். ஏழாவது இரட்டிப்பில் 256. அது ஆர்மோனியத்தின் நடுக் கட்டைக்கு, அதாவது ‘ஒரு கட்டை’ சுருதிக்கு, மிக அருகில் நிற்கும் சுரம்.

தாளமும் சுரமும் ஒன்றேதான். வேகம் மட்டும் வேறு. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1960இல் முடித்த ‘கொன்டாக்டே’ என்ற படைப்பில் இதைத் தலைகீழாகக் காட்டினார்: ஒரு சுரம் மெல்ல மெல்லக் கீழிறங்கி, கடைசியில் தனித்தனித் தட்டுகளாக உதிர்கிறது. பெரிய மின்னணு ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உழைத்துக் காட்டிய அந்த உண்மையை, ஒரு பிள்ளை இன்று தன் ஊர்த் தறியை வைத்து ஒரு மாலைப் பொழுதில் காட்டிவிடலாம்.

பெற்றோருக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது காது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி, பெரியவர்கள் ஹெட்போனில் கேட்பது 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை பாதுகாப்பானது. பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆசையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். இரண்டாவது, பிள்ளை செய்ததை முழுதாக உட்கார்ந்து கேளுங்கள். “இந்த ஒலியை எப்படிச் செய்தாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் அதிர்வெண், மேற்சுரம், வடிகட்டி, மடங்கு எல்லாம் தானாக வந்து விழும்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் ‘அலைவுகள்’, ‘அலைகள்’ என்று இரண்டு பாடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரும்பாலான மாணவர்கள் அவற்றைச் சமன்பாடுகளாக மனப்பாடம் செய்து, தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடங்கள் வரும் வயதும் இந்த இசை ஆசை பிறக்கும் வயதும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. வகுப்பில் ஓர் ஒலிபெருக்கியும் இலவச மென்பொருள் போட்ட ஒரு கணினியும் இருந்தால், ஆசிரியர் விம்மல்கள் எனப்படும் இந்தத் துடிப்புகளைப் பற்றி எழுதும்போது கடைசி வரிசைப் பிள்ளை எழுந்து வந்து 300 ஹெர்ட்ஸையும் 302.4 ஹெர்ட்ஸையும் சேர்த்து ஒலித்துக் காட்டிவிடும். வகுப்பு முழுவதும் அந்தத் துடிப்பை எண்ணிப் பார்க்கும். அப்படிக் கேட்ட பாடத்தை எந்தப் பிள்ளையும் தேர்வோடு மறக்காது.